பெங்களூரில் வாடகைக்கு விட்ட வீடு: குடியிருப்பவர் மனம் கசந்தால் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் வழிமுறை

அல்சூர், லிங்கராஜபுரம், முருகேஷ்பாளையா, ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் எந்தப் பக்கம் போனாலும், முப்பதுக்கு நாற்பது அடி மனையில் கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே இரண்டு மாடியைக் குடித்தனத்துக்கு விட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். ஆகிய பொதுத்துறை நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் அவற்றில் பல. எங்கள் வீடும் அப்படி வந்ததுதான். ஓய்வூதியம் மருந்துக்குப் போக, மாடி வாடகைதான் மாதத்தை ஓட்டுகிறது. அந்த வாடகை தடையில்லாமல் வர வேண்டுமானால் மேலே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டும்.

குடியிருப்பவர் நேராக வந்து சண்டை போடுவது அபூர்வம். அவருடைய பல மாத வாடகைப் பணம் அட்வான்ஸாக நம் கையில் இருக்கிறது. கடைசியில் அதைத் திருப்பி வாங்க வேண்டுமே என்ற கவலையில் பாதிக் குறையை விழுங்கிக்கொள்கிறார். விழுங்கியது வேறு ஏதாவது அறிகுறியாக வெளியே வரும். குறை சொல்கிறவர் இன்னும் இந்த வீட்டில் இருக்க நினைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பேச்சை நிறுத்திக்கொண்டவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அறிகுறி: எதைக் கேட்டாலும் "பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறோம்" என்கிறார்

முன்பு இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து, பலன் இல்லை என்று முடிவுக்கு வந்துவிட்டார் என்று பொருள். உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து அவருடைய பழைய செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள். ஒழுகும் குழாயின் படம், உடைந்த தாழ்ப்பாளின் படம் என்று ஏதாவது ஒன்று பதிலில்லாமல் கிடக்கும். "பார்க்கிறேன்" என்று நீங்கள் எழுதியதோடு பேச்சு நின்றிருக்கும்.

சரிசெய்யும் வழி: கிடப்பில் உள்ளவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நீங்களே மாடிக்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், ஆள் மூன்றையும் சொல்லுங்கள். "வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு பிளம்பர் வருகிறார், நீங்கள் வேலைக்குப் போயிருந்தால் நான் கூட நிற்கட்டுமா?" என்று கேட்பதற்கும் "ஆள் அனுப்புகிறேன்" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பிளம்பர் மூன்று நாள் கழித்துத்தான் வருவார் என்றாலும் பதில் அன்றைக்கே போக வேண்டும். வேலை முடிந்த பிறகு ஒரு தடவை போய், "சரியாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

சட்டமும் இதில் குடியிருப்பவர் பக்கம் நிற்கிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுது வேலையைத் தெரிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108 ஆம் பிரிவில் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை இதுதான் விதி. வாடகையில் அறுநூறு ரூபாய் குறைத்து அனுப்பிவிட்டு பிளம்பர் ரசீதைச் சேர்த்து அனுப்புகிறவர்மேல் கோபப்படுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது

பெங்களூரு வீடுகளில் அடிக்கடி வரும் குறை இது. குடியிருப்பவரின் காலைப் பொழுதை அன்றாடம் கெடுப்பதும் இதுதான். கோவையிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் மேல் வீட்டுப் பெண் ஒரு நாள் படியில் பார்த்தபோது, "வாளி நிறைவதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம் அக்கா" என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் குளிக்கும் நேரத்தில், அவருடைய குளியலறையில் போய் நின்றேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. குழாயின் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினேன். உளுந்தளவு வெள்ளைப் பொடிக்கற்கள் ஏழெட்டு விழுந்தன. கம்பி வலை முழுவதும் சுண்ணாம்பு அடைத்திருந்தது. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை செய்கிற வேலை அது. சல்லடையை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துத் திருகியதும் அந்தக் குழாய் சரியானது. ஆனால் ஷவர் சரியாகவில்லை. காரணம் வேறு இடத்தில் இருந்தது.

அதனால் ஒரே காரணம் என்று நினைக்காமல் வரிசையாகப் பாருங்கள்.

ஒரு குழாயில் மட்டும் குறைவு என்றால் சல்லடையும் வாஷரும். எல்லாக் குழாயிலும் குறைவு என்றால் மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேட் வால்வைப் பாருங்கள். யாரோ பாதி மூடிவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது உள்ளே தேய்ந்து கதவு கீழே விழுந்திருக்கும். பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் குறைந்தால் கீசரின் வழியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. தொட்டி ஒரு நாள் முழுதாகக் காலியாகி, மறுபடி நிரப்பிய பிறகு தொடங்கியது என்றால் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கலாம். கீழ்க் குழாய்கள் அனைத்தையும் சிறிது நேரம் திறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். காலையில் மட்டும் குறைகிறது, மதியம் நன்றாக வருகிறது என்றால், மூன்று வீட்டுக்கும் ஒரே இறங்கு குழாய் போட்டிருக்கிறார்கள். தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் இறக்குவதுதான் இதற்கு நிலையான தீர்வு. முப்பது ஆண்டு பழைய இரும்புக் குழாய் என்றால் உள்ளே துருவேறி வழி சுருங்கியிருக்கும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கடைசி மாடியில் மட்டும் ஷவர் சொட்டினால் அது உயரத்தின் கணக்கு. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டி தலைக்கு மேல் ஒன்றரை மீட்டரில் இருந்தால் அதில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் வரும். எங்கள் ஷவருக்கும் அதுதான் காரணம். தொட்டியை இரும்புச் சட்டத்தில் ஏற்றலாம். நிறைந்த ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் எடை என்பதால் தூணுக்கு மேலே வருமாறு பொறியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். அல்லது அந்த வீட்டின் குழாயில் மட்டும் சிறிய பிரஷர் பம்பு பொருத்தலாம். கீழ் வீட்டில் தண்ணீர் பீறிட்டு வருவதால் மேலே அப்படி இருக்காது என்று நாம் நம்ப மறுப்பதுதான் இதில் பெரிய தடை. போய் நின்று பாருங்கள்.

அறிகுறி: தண்ணீர் தீர்ந்துவிடுகிறது, டேங்கர் பணத்தில் முகம் சுளிக்கிறார்கள்

நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு. மூன்று வீட்டில் பத்துப் பேர் என்றால் 1,350 லிட்டர். காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தெருவில் ஒரு முறை தவறினால் நான்கு நாள் தாங்க வேண்டும். அதாவது 5,400 லிட்டர். உங்கள் சம்ப்பும் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) மாடித் தொட்டியும் சேர்ந்து எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து பாருங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் குடியிருப்பவர் "தண்ணீரை வீணாக்குகிறார்" என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. வீட்டின் கொள்ளளவே போதவில்லை.

2024 கோடையில் போர்வெல்கள் வற்றி நகரமே டேங்கருக்கு அலைந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று விலை நிர்ணயிக்க வேண்டியிருந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததும் அப்போதுதான். அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டு, நகரத்தின் ஓரத்தில் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தெருவுக்குக் குழாய் வந்திருந்தும் இணைப்பு வாங்காமல் டேங்கரிலேயே காலம் தள்ளுகிறீர்கள் என்றால், அந்தச் செலவைக் குடியிருப்பவர் தலையில் கட்டாதீர்கள்.

டேங்கர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். ரசீதைப் படம் எடுத்து எல்லா வீட்டுக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் தலைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். தனியாக இருக்கும் ஒருவர் ஐந்து பேர் குடும்பத்துக்குச் சமமாகக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பங்கையும் அந்தக் கணக்கில் சேர்த்து எழுதிக் காட்டுங்கள்.

தண்ணீரில் கலங்கல் மட்டும் இருந்தால் சம்ப்பைக் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆண்டுக்கு இரண்டு தடவை கழுவுவது நல்லது. சாக்கடை வாடை அடித்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பம்பை நிறுத்துங்கள், எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள், சம்ப்பின் சுவரில் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடைத் தொட்டி கசிகிறதா என்று பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அறிகுறி: சுவரில் ஈரம், பெயின்ட் உரிகிறது, துணி அலமாரியில் பூஞ்சை வாடை

மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்து மறைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அடுத்த மழைக்கு அது உரிந்து விழும், குடியிருப்பவருக்கு நம்மேல் இருந்த நம்பிக்கையும் கூடவே போகும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

ஈரக் கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழை பெய்த மறுநாள் கோட்டைத் தாண்டி, வெயிலில் சுருங்கினால் மொட்டை மாடி அல்லது வெளிச்சுவர். மழையே இல்லாத பிப்ரவரியிலும் மாறாமல் இருந்தால் மேல் வீட்டுக் குளியலறை அல்லது சுவருக்குள் ஓடும் குழாய். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம். கூரை மூலையிலும் அலமாரியின் பின்புறத்திலும் கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு. இந்தக் கடைசி இரண்டில் சந்தேகம் வந்தால், ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, துணி காயப்போட மாடியில் இடம் கொடுத்தால் குறையும்.

மேல் வீட்டுக் குளியலறைமேல் சந்தேகம் இருந்தால், வடிகால் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கீழே கறை பெருத்தால் தரையில்தான் கசிவு. ஓடுகளின் இடுக்கில் எபாக்சி பூசுவது முதலில் செய்து பார்க்க வேண்டிய மலிவான வேலை. கட்டிய தண்ணீர் அப்படியே நின்று, கீழே மட்டும் ஈரம் தொடர்ந்தால் குழாயைச் சோதியுங்கள். மேல் வீட்டில் வேறு குடித்தனம் இருந்தால் அவர்களுக்கு அந்த ஒரு நாள் வேறு குளியலறை ஏற்பாடு செய்துவிட்டுச் செய்யுங்கள்.

மொட்டை மாடிக்கு நீர்க்காப்பு போடும் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மே மாதக் கோடை மழை தொடங்கிவிட்டால் தளம் காயாது. செப்டம்பர், அக்டோபர் அதைவிட மோசம். மழைக்காலத்தில் குறை வந்தால், "ஜனவரியில் செய்கிறேன், அதுவரை இந்த அறையில் கட்டிலை நகர்த்திக்கொள்ளுங்கள், இத்தனை மாதத்துக்கு வாடகையில் இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன்" என்று எழுத்தில் கொடுங்கள். ஓர் அறையைப் பயன்படுத்த முடியாதவரிடம் முழு வாடகை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அறிகுறி: ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறது, பிளக்கில் கரிந்த வாடை

கரிந்த வாடை என்றால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியன். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். பழைய சமையலறைகளில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். 3,000 வாட் கீசருக்கு 13 ஆம்பியர் வேண்டும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயரும் இருக்க வேண்டும். "இண்டக்ஷன் வைக்காதீர்கள்" என்று தடை போடுவதைவிட சமையலறையில் இரண்டு பெரிய பிளக் வைப்பது மலிவு. சுமை கூடினால் தானே விழும் எம்.சி.பி. ஸ்விட்ச் அடிக்கடி விழுந்தால் பெரிய எம்.சி.பி. மாற்றச் சொல்வார்கள், மெல்லிய வயருக்குப் பெரிய எம்.சி.பி. போடுவது தீயை அழைப்பது. கசிவு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டை இந்தக் காலத்தில் யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது.

அறிகுறி: மின் கட்டணத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்

ஒரே மீட்டரில் இரண்டு வீடு ஓடுகிறது, துணை மீட்டர் பார்த்து நீங்கள் ஒரு விலை சொல்கிறீர்கள். பெங்களூருக்கு மின்சாரம் தரும் பெஸ்காம் நிறுவனத்தின் விலையைவிட உங்கள் விலை அதிகம் என்றால் அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். கர்நாடகத்தில் 2023 இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் உண்டு. வாடகைக்கு இருப்பவரும் தம் ஆதாரை அந்த வீட்டு ஆர்.ஆர். எண்ணோடு (மின் இணைப்பு எண்) இணைத்துப் பதிவு செய்யலாம். இரண்டு வீடு ஒரே மீட்டரில் இருந்தால் பயன்பாடு 200 யூனிட்டைத் தாண்டி, இருவருக்கும் சலுகை போய்விடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் வாங்கிக் கொடுங்கள். முன்பு இருந்தவர் தம் ஆதார் இணைப்பை நீக்காமல் போயிருந்தால் புதியவர் பதிவு செய்ய முடியாமல் திண்டாடுவார். காலி செய்யும்போதே அதை நீக்கச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: வாடகை தள்ளித் தள்ளி வருகிறது

ஒழுங்காகக் கொடுத்தவர் திடீரென்று தாமதித்தால் முதலில் அவருடைய நிலைமையைக் கேளுங்கள். இந்த ஊரில் வேலை போவது ஒரே மின்னஞ்சலில் நடக்கிறது. பத்து நாள் அவகாசம் கேட்டால் கொடுங்கள். தேதியை இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் சில நாள் தாமதம் என்றால் சம்பளம் வரும் தேதியோடு வாடகைத் தேதி ஒத்துப்போகவில்லை. ஏழாம் தேதி சம்பளம் வாங்குகிறவரிடம் முதல் தேதி கேட்பதால் இருவருக்கும் மன உளைச்சல்தான் மிச்சம். பத்தாம் தேதி என்று மாற்றுங்கள். இந்த இரண்டும் இல்லை, கையில் பணம் இருந்தும் தாமதிக்கிறார் என்றால் மேலே சொன்ன முதல் அறிகுறிக்குப் போங்கள். ஏதோ ஒரு பழுது கிடப்பில் இருக்கிறது.

அறிகுறி: கதவைத் திறக்கத் தயங்குகிறார், படியில் பார்த்தால் விலகிப் போகிறார்

ஒரே கட்டடத்தில் வீட்டுக்காரர் இருக்கும் வீடுகளில்தான் இது வரும். சொல்லாமல் கொள்ளாமல் மாடிக்குப் போவது, யார் வந்தார் யார் போனார் என்று கேட்பது, ஞாயிற்றுக்கிழமை சமையல் வாசனையைப் பற்றிப் பேசுவது, பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிட்டு இரவு ஷிஃப்டில் வருகிறவரைத் தெருவில் நிறுத்துவது எல்லாம் இதில் சேரும். வாடகை வாங்கிய பிறகு அந்தக் கதவுக்கு உள்ளே அது அவர்களுடைய வீடு. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்கிறது. அது மாநிலங்கள் பின்பற்றுவதற்கான மாதிரிதான் என்றாலும் அந்த ஒரு விதியை ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொள்வதை யார் தடுக்கிறார்கள்? கேட் சாவி ஒன்றைக் கையில் கொடுங்கள். உணவு, விருந்தினர் பற்றி உங்களுக்கு உறுதியான நிபந்தனை இருந்தால் வீட்டைக் காட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு புதிய நிபந்தனை போடுவது அநியாயம்.

அறிகுறி: பதினோரு மாதம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் காலி செய்கிறார்கள்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் எல்லாரும் பதினோரு மாதம் எழுதுகிறார்கள். அந்தப் பதினோராம் மாதம் ஒப்பந்தத்தில் உள்ளதைவிட அதிகமாக ஏற்றிக் கேட்கிறோமா என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, வாடகை 25,000 ரூபாய், மாதம் 2,000 ஏற்ற ஆசை. ஆண்டுக்கு 24,000 ரூபாய். அவர் காலி செய்து ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 25,000 ரூபாய் போய்விடும். பெயின்ட், புரோக்கர், சாவியோடு காத்திருப்பது எல்லாம் தனி. ஒழுங்காக இருப்பவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய 5 சதவீதமோ அதற்குக் குறைவோ போதும். மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். கோவிட் முடிந்து எல்லாரும் அலுவலகத்துக்குத் திரும்பியபோது இங்கே வாடகை எகிறியது. அப்போது ஏற்றாமல் நிதானித்தவர்களின் வீட்டில் அதே குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

அறிகுறி: ஜனவரி வந்தால் வாடகை ரசீதும் பான் எண்ணும் கேட்கிறார்

கொடுங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும். மறுத்தால் அவருடைய வரி ஏறுகிறது, நாம் எதையோ மறைக்கிறோம் என்ற எண்ணமும் வருகிறது. வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு நமக்கு உண்டு. பயப்பட ஒன்றும் இல்லை.

அறிகுறி: குப்பை, வண்டி நிறுத்தும் இடம், மேல் மாடிச் சத்தம் என்று சில்லறைச் சண்டைகள்

குப்பை ஆட்டோ வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர்களுக்கு கேட்டுக்கு உள்ளே மூடியுள்ள வாளிகள் வையுங்கள்: ஈரக் குப்பைக்குப் பச்சை, கழிவறைக் குப்பைக்குச் சிவப்பு, உலர் குப்பைக்குத் தனிப் பை. வண்டிக்குத் தரையில் கோடு போட்டு வீட்டு எண்ணை எழுதுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை வாங்கிக் கொடுங்கள். இந்தச் சண்டைகள் மாதக்கணக்கில் வளர்வதற்கு வீட்டுக்காரர் நடுவில் வராததுதான் காரணம்.

அறிகுறி: கடைசி சில மாதம் வாடகையே தராமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்

அட்வான்ஸ் திரும்பி வராது என்று அவர் பயப்படுகிறார். முன்பு இருந்தவருக்கு நாம் எப்படித் திருப்பிக் கொடுத்தோம் என்று தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது பழைய பழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதமும் நடக்கிறது. மாதிரிச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. 25,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் இரண்டரை லட்சம். அந்தப் பணத்தை எடுத்து மேல் மாடி கட்டிவிடுகிறோம், கல்யாணம் செய்துவிடுகிறோம். பிறகு புதியவர் அட்வான்ஸ் கொடுத்தால்தான் பழையவருக்குத் திருப்ப முடியும் என்ற நிலை. அவரோ அடுத்த வீட்டுக்கு இதே பணத்தைக் கட்ட வேண்டியவர். கடன் வாங்கிக் கட்டிவிட்டு நம்மிடம் நடையாய் நடக்கிறார். வீட்டுக்காரர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அட்வான்ஸ் பணத்தை அன்றைக்கே தனி வைப்பு நிதியில் போடுங்கள். வட்டி உங்களுக்கு, முதல் அவருக்கு.

அடுத்தது அட்வான்ஸில் பிடிக்கும் கழிவுகள். எங்கள் வீட்டில் குடிவரும் நாளிலேயே அறை அறையாகப் படமும் வீடியோவும் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்கிறோம். சென்ற குடும்பம் காலி செய்தபோது சாப்பாட்டு மேசையில் அந்தப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தோம். சிங்குக்குக் கீழே கதவின் கீல் பெயர்ந்திருந்தது. குடிவந்த நாள் படத்தில் அதே கீலில் ஒரு திருகு இல்லாமல் இருந்தது. அவருடைய மனைவி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அந்தக் கழிவைக் கணக்கிலிருந்து நான் நீக்கிவிட்டேன். குளியலறைக் கண்ணாடி உடைந்ததை அவர்களே சொன்னார்கள். கடையில் கேட்ட விலையை எழுதினோம். அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்து, சாவி என் கைக்கு வரும் முன்பே பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டது.

பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். நியாயமான பயன்பாட்டால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் அதே 108 ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று நான்கு ஆண்டு இருந்தவருக்குப் பிறகு எப்படியும் நாம் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும், அவரிடம் பிடிக்காதீர்கள். பிடிப்பதாக இருந்தால் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அறிகுறி: காலி செய்கிறேன் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார்

வீட்டைப் பார்க்க வருகிறவர்களை நினைத்த நேரத்தில் அழைத்துப் போகாதீர்கள். சனி, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பிறகு நிதானமாக உட்கார்ந்து, இந்த வீட்டில் எது மிகவும் தொல்லையாக இருந்தது என்று கேளுங்கள். கணக்கு முடிந்து பணம் கைக்கு வந்த பிறகு கேட்டால்தான் உண்மையான பதில் வரும். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன குழாயோ பிளக்கோ சுவரோ எதுவானாலும், புதிய பெயின்ட் அடிக்க ஆள் வருவதற்கு முன்பு அந்த வேலையை முடித்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனம் வராது.